வெளிநாட்டு வீதிகளும் எங்க ஊர் மேப்பும்

லீவுக்கு வெளியூர், வெளிநாடு போற நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி: செல்போன்ல எல்லாம் வந்தப்புறம் காகித மேப் எதுக்கு, வாங்கினா எதைப் பார்த்து வாங்கணும்? பதில் எழுத உட்கார்ந்தேன், அது சரித்திரத்துக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு. கொஞ்சம் பொறுத்துக்கங்க.

எங்க ஊர் சேத்தியாத்தோப்பு. தெரியாதவங்களுக்காக: விருத்தாசலத்துக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், கும்பகோணம் போற ரோடு குறுக்கே வெட்டும் இடம். வெள்ளாறு, அணைக்கட்டு, சர்க்கரை ஆலை. பரங்கிப்பேட்டை கடற்கரை நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குள்தான். இந்தக் கடைசி விவரத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வேலை இருக்கு.

இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்து வரைந்த பெரிய சர்வே நம்ம பக்கத்தில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10-ம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் நூறடி இரும்புச் சங்கிலியை நீட்டி, சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு முதல் கோட்டை அளந்தார். அதை வைத்து அவர் அளந்த முதல் வடக்கு-தெற்கு நீளத்தின் தெற்கு முனை எது தெரியுமா? கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம். தேவநாத சுவாமி கோயில் இருக்கே, அதே ஊர்தான். 1808-ல் அரை டன் எடையுள்ள அளவைக் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் மேலே கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. மனுஷன் அசரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே நிமிர்த்திச் சரிசெய்தார்.

இவ்வளவு துல்லியம் யாருக்காக? கம்பெனிக்கு வரி வசூலிக்கணும், படை நடத்தணும். அதற்கு மலை, ஆறு, கோட்டை, கிராம எல்லை போதும். எந்தச் சந்தில் நுழைந்தால் கோயில் வாசலுக்கு வரலாம் என்பது அவர்களுக்குத் தேவையில்லாத சங்கதி.

சுதந்திரத்துக்கு அப்புறமும் இந்தப் புத்தி மாறவில்லை. 1967-ல் பாதுகாப்புக் காரணம் சொல்லி, எல்லையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் சுமார் 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் பகுதிகளின் விரிவான மேப்புகளைப் பொதுமக்களுக்கு விற்கக் கட்டுப்பாடு வந்தது. இப்போ அந்த முப்பது கிலோமீட்டரை ஞாபகப்படுத்திக்கங்க. எங்க ஊர் அணைக்கட்டு மேல நான் தினமும் சைக்கிள்ல போகலாம், ஆனா அது இருக்கும் சர்வே மேப்பைக் காசு கொடுத்து வாங்க முடியாது! 2005-ல் ராணுவத்துக்குத் தனி, பொதுமக்களுக்குத் தனி என்று பிரித்தார்கள். உண்மையான தளர்வு 2021 பிப்ரவரியில்தான் வந்தது. நாம மட்டும்னு நினைக்காதீங்க. 2016-ல் கூட தென் கொரியா, விரிவான மேப் விவரங்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூகுளுக்கு அனுமதி மறுத்தது.

இதுக்கு நேர் எதிரான வம்சமும் ஒண்ணு உண்டு. 1748-ல் ரோம் நகரத்துக்கு நோல்லி என்பவர் வெளியிட்ட மேப். வீடுகளுக்குக் கறுப்புக் கோடு போட்டு நிரப்பிவிட்டு, தெருவை வெள்ளையாக விட்டார். அதோடு சர்ச்சுகளின் உள்பக்கத்தையும் வெள்ளையாகவே காட்டினார், ஏன்னா அங்கேயும் ஜனங்க நுழைந்து நடக்கலாமே! நடக்கிறவன் கண்ணால் பார்த்த ஊர் அது. 1936-ல் லண்டனில் ஃபிலிஸ் பியர்சால் 'ஏ டு இசட்' தெரு மேப் புத்தகம் கொண்டுவந்தார். விடியற்காலை எழுந்து 23,000 தெருக்களையும் நடந்தே பார்த்தார் என்று கதை. அவர் அப்பாவே மேப் வியாபாரி, கையில் பழைய மேப்புகள் இருந்திருக்கும் என்று சந்தேகப்படும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எனக்கும் அந்த 23,000 கொஞ்சம் ஓவராகத்தான் படுது :-) ஆனால் கடைசியில் இருக்கும் தெருப் பெயர் அட்டவணைக்காகவே அந்தப் புத்தகத்துக்குக் கும்பிடு போடலாம். நம்ம டில்லிக்கு ஐஷர் கம்பெனி இப்படித் தெருத்தெருவாக ஒரு புத்தகம் போட்டது 1996-ல். அறுபது வருஷ இடைவெளி!

சரி, வாங்கும் விஷயம். முதலில் அளவைப் பாருங்க. 1:10,000 என்றால் மேப்பில் ஒரு சென்டிமீட்டர், தரையில் நூறு மீட்டர். நடக்க அதுதான் சுகம். 1:50,000-ல் சந்தெல்லாம் காணாமல் போயிடும். ஹோட்டலில் சும்மா கொடுக்கும் மேப்பில் விளம்பரம் கொடுத்த கடைதான் பெரிசா தெரியும், எடுத்துக்கங்க, நம்பாதீங்க. அச்சிட்ட வருஷமும் அட்டவணையும் இல்லாத மேப்பைத் தொடவே தொடாதீங்க.

சுரங்க ரயில் படத்தை வைத்து ஊரை அளக்காதீங்க. ஹாரி பெக் வரைந்து 1933-ல் வெளியான லண்டன் படம் அழகுதான், ஆனால் அதில் தூரம் கிடையாது. லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டன் முன்னூறு மீட்டர் கூட வராது. படத்தை நம்பி டிக்கெட் எடுத்து, படி இறங்கி ஏறுகிறவர்களுக்கு இன்றும் குறைவில்லை.

ஊருக்கு ஊர் விலாசமும் மாறும். டோக்கியோவில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை, வட்டாரத்துக்கும் மனைத் தொகுதிக்கும்தான் எண். அங்கே அந்த எண்கள் போட்ட மேப் வேணும். வெனிஸில் வீட்டு எண் தெருவாரியாக ஓடாது, ஆறு பேட்டைகளில் பேட்டைவாரியாக ஓடும். பாங்காக்கில் தாய் எழுத்தும் சேர்ந்து இருக்கும் மேப் வாங்குங்க. ஆங்கிலம் மட்டும் இருந்தால் வழியில் பெரியவர் யாரிடமாவது நீட்டி என்ன பிரயோஜனம்? லிஸ்பன் மாதிரி மேட்டு ஊரில் படிக்கட்டு குறித்திருக்கான்னு பாருங்க, முழங்கால் பிழைக்கும்.

சேத்தியாத்தோப்புக்கு யாரும் தெரு மேப் அச்சிடப் போவதில்லை. 2004-ல் லண்டனில் தொடங்கிய ஓபன் ஸ்ட்ரீட் மேப்பில் யாரும் தங்கள் ஊரை வரையலாம். ஞாயித்துக்கிழமைகளில் நோட்டும் கையுமாக நடந்து நானும் கொஞ்சம் சேர்த்துக்கிட்டிருக்கேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி முடிச்சாச்சு. வெள்ளாற்றுக் கரைப் பக்கம் நாலு தெரு பாக்கி, வெயில் தாழ்ந்ததும் போகணும்.