ஒடெசாவின் 192 படிகள்: திரைப்படம் நினைவில் நிறுத்திய இடம்

உக்ரைனின் கருங்கடல் துறைமுக நகரமான ஒடெசா மேட்டு நிலத்தில் அமைந்தது. நகரத்தையும் கீழேயுள்ள துறைமுகத்தையும் இணைப்பதற்காக 1837 முதல் 1841 வரை பெரிய கற்படிக்கட்டு ஒன்று கட்டப்பட்டது. அதை வடிவமைத்தவர் பிரான்செஸ்கோ பொஃபோ. முதலில் 200 படிகள் இருந்தன. துறைமுகம் விரிவாக்கப்பட்டபோது அடியிலிருந்த 8 படிகள் மண்ணுக்குள் மறைந்தன. இப்போது இருப்பவை 192.

142 மீற்றர் நீளமான இந்தப் படிக்கட்டு ஒரு கண்மயக்கம். மேற்படியின் அகலம் ஏறத்தாழ 13 மீற்றர். கீழ்ப்படியோ ஏறத்தாழ 22 மீற்றர். இதனால் கீழிருந்து பார்ப்பவருக்கு உண்மையான நீளத்தைவிட அதிகமாகத் தெரியும். மேலே நிற்பவர் கண்ணுக்கு இடையிலுள்ள 10 தளங்கள் மட்டுமே தெரியும், படிகள் தெரியா. கீழே நிற்பவருக்குப் படிகள் மட்டுமே தெரியும்.

இதை உலகப் புகழ்பெறச் செய்தது 1925 இல் சேர்ஜி ஐசென்ஸ்டீன் எடுத்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' என்ற மௌனப் படம். 1905 இல் அக்கப்பலின் மாலுமிகள் கிளர்ந்தெழுந்ததைச் சொல்லும் படம் அது. சார் மன்னரின் படையினர் வரிசையாகப் படியிறங்கி மக்களைச் சுடுவதும், குழந்தை வண்டி ஒன்று தனியே உருண்டு செல்வதும் அதன் மறக்க முடியாத காட்சிகள். 1955 இல் படிக்கட்டுக்கே பொட்டெம்கின் பெயர் சூட்டப்பட்டது.

ஆனால், படத்தில் காண்பதுபோன்ற படுகொலை அந்தப் படிகளில் நடக்கவில்லை. அந்த ஜூனில் துறைமுகப் பகுதியில் தீ மூண்டது, படையினர் சுட்டனர், பலர் இறந்தனர். அவற்றையெல்லாம் ஐசென்ஸ்டீன் படிகளுக்குக் கொண்டுவந்து ஒரே காட்சியாக்கினார்.

அதே ஆண்டு ஒக்டோபரில் ஒடெசாவில் யூதர்களுக்கு எதிரான வன்செயல் வெடித்தது. பொலிஸ் கணக்கின்படியே குறைந்தது 400 யூதர்கள் கொல்லப்பட்டனர். 1,600 க்கும் அதிகமான யூத வீடுகளும் கடைகளும் சேதமாக்கப்பட்டன. படிக்கட்டைப் படம்பிடிக்க வந்துபோன பயணிகளில் எத்தனை பேர் இதை அறிந்திருப்பார்கள்?

இக்கேள்வி நமக்கும் அந்நியமானதல்ல. 1983 ஜூலையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்ட பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைத் தெருக்களில்தான் நாம் தினமும் நடக்கிறோம். கட்டடங்கள் மாறிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அந்த இடத்தை அடையாளம் காட்ட, சொல்பவர் ஒருவர் தேவை.

ஒடெசாவின் வரலாற்று மையத்தை யுனெஸ்கோ 2023 ஜனவரியில் உலக மரபுரிமையாகவும், அதேவேளை ஆபத்திலுள்ள மரபுரிமையாகவும் அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் ரஷ்யாவின் ஏவுகணைத் தாக்குதலில் நகரின் பேராலயம் சேதமடைந்தது. போர் ஓய்ந்து பயணிகள் அச்சமின்றி அங்கு செல்லும் நாளில், அவர்களுக்குப் படத்தின் கதையோடு நகரத்தின் கதையும் சொல்லப்பட வேண்டும்.