உம்மா வீட்டு ஆணமும் கடை இடியப்பமும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதியில் காரைதீவைத் தாண்டியதும் வருவது நிந்தவூர். கிழக்கே கடல், மேற்கே வயல். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு இவ்வூர்த் தெருக்களில் நடந்தால், இடியப்பம் வாங்கக் காத்து நிற்பவர்களைக் காணலாம். கணவனும் மனைவியும் அரச ஊழியர்களாக இருக்கும் வீடுகள் இங்கு ஏராளம். பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கிவிடும். பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, தாமும் வெளிக்கிட வேண்டியவர்கள் இடியப்ப உரலைக் கையில் எடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

"அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தார்கள்" என்று குறைப்படும் பெரியவர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒருத்தி தனியாகச் செய்தாள் என்பது உண்மையன்று.

அரிசி மா இடியப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அரிசியை ஊறவைக்க வேண்டும். பின்னர் வடித்து, உரலில் இடித்து, அரித்து, கப்பியை மறுபடி இடித்து, மாவைப் பதமாக வறுக்க வேண்டும். விடியற்காலையில் சுடுநீர் விட்டுக் குழைத்து, தட்டுகளில் பிழிந்து, அவித்து எடுக்க வேண்டும். இடையில் தேங்காய் திருவிச் சம்பல் அரைக்கவும் பாலாணம் வைக்கவும் வேண்டும். உலக்கை போடவே இருவர் வேண்டிய வேலை இது.

அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன? கிழக்குக் கரையின் வீட்டு முறையிலிருந்து வந்தன. தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் இங்கு வீடு பெண்ணுக்கே சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவிலோ பக்கத்து வளவிலோ அடுத்தவளுக்கென இன்னொரு வீடு எழுப்புவார்கள். தெற்கே அக்கரைப்பற்றில் 1969 அளவில் ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இம்முறையை விரிவாக எழுதியிருக்கிறார். உம்மா, ராத்தா, சாச்சி எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். மருமகள் ஒருத்தி மாமியார் வீட்டு அடுப்படியில் தனியே அல்லாடும் கதை, இந்த ஊர்களில் அவ்வளவாக இல்லை. இக்கரையின் சமையல் மரபு நின்றது அந்த வளவின் மேல் என்பதே என் கணிப்பு.

பிறகு மாவரைக்கும் ஆலை வந்து உலக்கையை ஓய்வெடுக்கச் செய்தது. அதைப் பற்றி யாரும் குறைப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை! சிங்கப்பூரின் பிரீமா நிறுவனம் 1977இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, 1980இல் திருகோணமலையில் மா ஆலை இயங்கத் தொடங்கியது. சுற்றிவர நெல் விளையும் ஊர்களிலும் கோதுமை மா காலை உணவாகிப் போனது. அவித்து அரித்தால் போதும். ஊறவைப்பதும் இல்லை, இடிப்பதும் இல்லை. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாக இக்கரையின் பெண்களும் போனார்கள். பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, தம் பிள்ளைகளின் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். இன்னொரு பக்கம் பெண் கல்வி வளர்ந்தது. அயலூரான ஒலுவிலில் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வளவின் கைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின.

போன கைகளுக்கு ஈடாக வந்தவைதான் தெருவோரத்து இடியப்பத் தட்டுகள். அவற்றில் பல, கடையின் அடுப்பில் அவிந்தவை அல்ல. விடியுமுன் எழுந்து, வருமானத்துக்கு வேறு வழியற்ற ஒரு பெண் தன் வீட்டில் பிழிந்து கொடுப்பவை. ஆசிரியை வீட்டில் மிச்சமாகும் 2 மணி நேரத்தை அவள்தான் செலவழிக்கிறாள். இடியப்பத்தின் விலை 1 ரூபாய் ஏறினால் முகம் சுளிக்கும் நாம் அவளை நினைத்துப் பார்ப்பதில்லை.

(வெளியே சமைத்ததை வாங்கி உண்பது புதுப் பழக்கம் என்பதும் முழுக்கச் சரியல்ல. நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் பெரிய கிடாரத்தில் காய்ச்சிய கஞ்சியைப் பாத்திரம் கொண்டுபோய் வாங்கி வருவது இங்கு பழைய வழக்கம். அதை யாரும் சோம்பல் என்றதில்லையே?)

2004 டிசம்பர் 26 இந்தக் கரைக்கு மறக்க முடியாத நாள். கடலோர வளவுகள் பல அடியோடு போயின. பின்னர் வந்த வீட்டுத்திட்டங்கள் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கணக்கிட்டன. பெண்ணின் சீதனமாயிருந்த வீட்டுக்குப் பதிலாகக் கிடைத்தது, பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று ஆணின் பெயரில் எழுதப்பட்டது. உம்மா ஒரு திட்டத்தில், மகள் இன்னொன்றில். கூப்பிடு தூரம் முச்சக்கர வண்டித் தூரமாயிற்று. கடலோர அடுப்படிகளின் கதையை எழுதுபவர்கள் இந்த நாளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

2022இல் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, ஒதுக்கி வைத்த விறகடுப்புகள் மறுபடி புகைந்தன. கோதுமை மாவின் விலையும் ஏறியது. கடை இடியப்பத்தை நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள்.

எனக்குத் தெரிந்த நிந்தவூர் வீடொன்றில் இப்போது நடப்பது இதுதான்: இடியப்பம் தெருவிலிருந்து வருகிறது; சம்பலை மகள் அரைக்கிறாள், அதுவும் மின் அரைப்பானில். மீன் ஆணம் மட்டும் இரண்டு வளவு தள்ளியிருக்கும் உம்மா வீட்டிலிருந்து மூடிய சட்டியில் வருகிறது. உம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மகளுக்குப் பிறந்தவை இரண்டும் ஆண் பிள்ளைகள்.