180 மில்லிமீட்டர் ஓட்டை: கார் ஸ்டீரியோவின் ஒரு சின்ன வரலாறு

"தபேலா கேக்கலடா" என்றார் அப்பா. திருமங்கலம் தாண்டி விருதுநகர் போய்க்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மா தூங்கிவிட்டார். ஸ்டீரியோவில் எண்பதுகளின் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதேப்பா."

"வயலின் கேக்குது. பாடுறது கேக்குது. தபேலா எங்க?"

அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு. இருபத்தியெட்டு வருஷம் தனியார் பஸ் டிரைவர். எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியவர்களுக்குக் காது போவது சகஜம். அதையே சொன்னேன். "உங்களுக்குக் காது டல்லாயிருச்சுப்பா, டாக்டர்கிட்டப் போவோம்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் காரில் பாட்டு போடச் சொல்லிக் கேட்டதும் இல்லை.

இது நடந்து மூன்று வருஷமாகிறது. போன டிசம்பரில் இடதுபக்கக் கதவு ஸ்பீக்கர் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பைபாஸ் ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். டச் ஸ்கிரீன், ஆம்ப், பூட்டில் சப்வூஃபர் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். நமக்கு அது வேண்டாம். இரண்டு ஸ்பீக்கரை மட்டும் மாற்றுவோம், அதையும் நாமே செய்வோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டேன். பிஇ படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். சால்டரிங் அயர்ன் தொட்டு இருபது வருஷமாயிற்று.

டேஷ்போர்டு மூடியைக் கழற்றி ஸ்டீரியோவை வெளியே இழுத்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த ஓட்டைதான். ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம் 18 செ.மீ, உயரம் 10 செ.மீ. நண்பனின் பழைய மாருதி 800-ல் அதே 18, உயரம் மட்டும் 5. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு காலம், ஆனால் அகலம் ஒன்று. இந்த 18 எங்கிருந்து வந்தது? ஸ்பீக்கர் வேலை அன்றைக்கு நின்றுபோனது. இந்தக் கட்டுரை அப்படித்தான் ஆரம்பித்தது.

விடை ஜெர்மனியில் இருக்கிறது. டின் என்பது ஜெர்மன் தர நிர்ணய நிறுவனத்தின் சுருக்கப் பெயர். காரில் ரேடியோ வைக்கும் இடம் 180 மி.மீ அகலம், 50 மி.மீ உயரம் என்று டின் 75490 சொன்னது. அதையே 1984-ல் ஐஎஸ்ஓ 7736 என்று உலகத் தரமாக எடுத்துக்கொண்டார்கள். ஜப்பான்காரர்கள் உயரத்தை இரட்டிப்பாக்கி டபுள் டின் ஆக்கினார்கள். நம் கடைக்காரர்கள் "சிங்கிள் டின்னா, டபுள் டின்னா சார்?" என்று கேட்பது இதைத்தான். டொயோட்டா மட்டும் 200 மி.மீ என்று தனி வழி போனது. அந்த வண்டிகளில் வெளிச்செட் மாட்டினால் இருபக்கமும் சந்து தெரியும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் சட்டம் தனியாக விற்கிறார்கள்.

சாதாரண ஓட்டைதானே என்று தோன்றலாம். அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

1930-ல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் கம்பெனி காருக்கென்று ஒரு ரேடியோவைக் கொண்டுவந்தது. மோட்டாரையும் அப்போது பாட்டுப்பெட்டிகளின் பெயரில் ஒட்டிக்கொண்டிருந்த 'ஓலா'வையும் சேர்த்து மோட்டோரோலா என்று பெயர் வைத்தார்கள். 1947-ல் கம்பெனியே அந்தப் பெயருக்கு மாறியது. செல்போன் பிராண்டாக நமக்குத் தெரிந்த மோட்டோரோலா, கார் ஸ்டீரியோ கம்பெனியாகப் பெயர் வாங்கியது! 1932-ல் ஜெர்மனியில் ப்ளாபுங்க்ட் தன் முதல் கார் ரேடியோவை விற்றது. எடை சுமார் 15 கிலோ. டேஷ்போர்டில் எங்கே வைப்பது? பெட்டியைக் காலடியில் எங்காவது முடுக்கிவிட்டு, திருகும் குமிழை மட்டும் ஸ்டீரிங் பக்கம் கொண்டுவந்தார்கள்.

வால்வு ரேடியோவுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் தேவை. கார் பேட்டரி கொடுப்பதோ 6 அல்லது 12. டிசி கரண்ட்டை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றாது. அதனால் வைப்ரேட்டர் என்று ஒரு சாதனம் வைத்தார்கள். ஒரு உலோக நாக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அடித்து அடித்து கரண்ட்டை வெட்டிவிடும், வெட்டுப்பட்டதை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றும். வண்டு மாதிரி 'ங்ங்ங்' என்று இரைந்துகொண்டே பாட்டும் வரும். டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அந்த வண்டு செத்தது.

நம் ஊருக்கு வருவோம். கார் வைத்திருந்தவர்களே சிலர். அதில் ரேடியோ வைத்திருந்தவர்கள் அதிலும் சிலர். ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பதே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. போஸ்ட் ஆபீஸில் வருஷாவருஷம் பணம் கட்டி ஒரு சின்ன புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 1933-ம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ரேடியோ வைத்திருப்பதே குற்றம். எண்பதுகளில்தான் இது ஒழிந்தது. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

இன்னொரு தலைவலி எர்த். இன்றைய கார்களில் பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர் எதிர், பிளஸ் பாடியில். அந்தக் கால டிரான்சிஸ்டர் கார் ரேடியோக்கள் சிலவற்றின் பின்னால் பிளஸ், மைனஸ் மாற்ற ஒரு சுவிட்ச்சே இருக்கும். அதைப் பார்க்காமல் மாட்டினால் புகைதான்.

கேட்பதற்கு என்ன இருந்தது என்பது வேறு கதை. 1939-ல் திருச்சி நிலையம் வந்தது, 1963-ல் திருநெல்வேலி. மதுரைச் சமவெளி இரண்டுக்கும் நடுவில். 1952-ல் மத்திய அமைச்சரான கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஓரங்கட்டப் பார்க்க, ஜனம் இலங்கை வானொலிக்குத் திரும்பியது. 1957-ல் விவித் பாரதி வந்த பிறகும் எங்கள் பக்கம் இலங்கையை விடவில்லை. கடல் தாண்டி வரும் மீடியம் வேவ் அத்தனை தெளிவு. ஆனால் ஓடும் வண்டியில் பிளக்கின் தீப்பொறி ஒவ்வொன்றும் 'டிக் டிக்' என்று ரேடியோவில் விழும். மதுரையில் காருக்குள் பாட்டு என்பது நிஜமாக வந்தது கேசட்டோடுதான். அதுவும் காரில் அல்ல, பஸ்ஸில்.

இதைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு பாட்டு பற்றி எங்களுக்குள் பேச்சு அன்றைக்குத்தான்.

கேசட்டை ஃபிலிப்ஸ் 1963-ல் அறிமுகப்படுத்தியது. அப்பா ஓட்டிய மதுரை - உசிலம்பட்டி - தேனி வண்டிக்கு அது வந்து சேர இருபது வருஷம் ஆனது. "பாட்டு செட்டு இல்லாத வண்டியில சனம் ஏறாதுடா. முன்னாடி வண்டி காலியாப் போகும், பின்னாடி செட்டு வச்ச வண்டிக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்க" என்றார். கேசட் டிரைவரின் சொந்தச் செலவு. டவுனில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். சிக்ஸ்டியா நைன்ட்டியா என்று கேட்பார்கள். நைன்ட்டியின் நாடா மெலிசு, மதுரை வெயிலில் டேஷ்போர்டில் கிடந்தால் சுருண்டு ஹெட்டில் சிக்கும். அப்பா எப்போதும் சிக்ஸ்டிதான். (1984-ல் காப்புரிமைச் சட்டத்தை இறுக்கினார்கள். ரெக்கார்டிங் சென்டர்களில் கூட்டம் குறைந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.)

அதைவிட ருசியான விஷயம் கரண்ட். பஸ்ஸில் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. கார் செட்டுக்கு 12 தான் வேண்டும். கன்வெர்ட்டர் வாங்கக் காசில்லாத எலெக்ட்ரீஷியன் என்ன செய்வார்? இரண்டு பேட்டரிக்கும் நடுவில் ஒரு ஒயரைப் பிடித்து இழுத்துவிடுவார். செட்டு அருமையாகப் பாடும். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் செலவாகிக்கொண்டே இருக்கும். ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒன்றாக நினைத்து சார்ஜ் ஏற்றும். ஒன்று பட்டினி, மற்றது அஜீரணம். "வருசத்துக்கு ஒரு பேட்டரி போகும். முதலாளி திட்டுவாரு. பாட்டை நிறுத்துங்கன்னு மட்டும் சொல்ல மாட்டாரு" என்று சிரித்தார் அப்பா. அந்தப் பேட்டரிதான் அந்த முதலாளியின் விளம்பரச் செலவு என்பது என் கணக்கு.

கார்களுக்கு இந்த வழக்கம் மாருதியோடு பரவியது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ன் சாதா மாடலில் ஸ்டீரியோ கிடையாது. ஓட்டை உண்டு, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியைக் கழற்றி செட் மாட்டுவது, பின் கண்ணாடிக்கு அடியில் ஓவல் ஸ்பீக்கர் வைப்பது எல்லாம் கடைக்காரர் வேலை. இங்கே முதல் தலைமுறை கார்க்காரர்கள் எல்லோருக்கும் ஸ்டீரியோ என்பது வெளியே மாட்டிக்கொள்வதுதான். ஒரு பெரிய தொழிலே அந்த 180 மில்லிமீட்டரை நம்பி நடந்தது.

எஃப்எம் கதையைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோடை எஃப்எம், 100.5. நான் காலேஜ் முடித்த காலத்தில் மதுரை, தேனி, திண்டுக்கல் எங்கும் இதுதான். ஏன் அவ்வளவு தூரம் கேட்டது? எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்தால் தீர்ந்தது. கொடைக்கானல் மதுரைச் சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 2000 மீட்டர். உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வரும்: சுமார் 180. இயற்கையே இரண்டு கிலோமீட்டர் டவர் கட்டிக் கொடுத்திருந்தது. ஆனால் ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்கான செட் வைத்திருந்தவர்களுக்கு அது கிடைக்காது. அப்போது அங்கே எஃப்எம் 76-லிருந்து 90 வரைதான் இருந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஜப்பான் ரீகண்டிஷன் கார் வாங்குபவர்களுக்கு இது தெரிந்த பிரச்சினை. அலைவரிசையைக் கீழிறக்கித் தர ஒரு சின்ன டப்பா மாட்டுவார்கள்.

சரி, என் கார். 2013-ல் அடிப்படை மாடல் வாங்கினேன், செட்டும் இரண்டு ஸ்பீக்கரும் டெலிவரி அன்று மாட்டிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷம் அதைக் "கம்பெனி செட்" என்றே நினைத்திருந்தேன். வெளியே இழுத்துப் பார்த்தால் ஒயர்களை வெட்டி முறுக்கி டேப் சுற்றியிருக்கிறது. டேப் வெயிலில் உருகி, கையெல்லாம் பிசின்.

ஒயர் நிறங்களுக்கு வழக்கம் உண்டு. மஞ்சள் எப்போதும் உயிரோடு இருக்கும், அதுதான் செட்டின் ஞாபகத்துக்கு. சிவப்பு சாவி போட்டால் மட்டும். கறுப்பு எர்த். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, கறுப்புக் கோடு போட்டது மைனஸ். என் வண்டியில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருந்தன. ஒவ்வொரு தடவை வண்டியை அணைக்கும்போதும் ஸ்டேஷன்கள் அழிந்துபோனதன் காரணம் அதுதான். சாஃப்ட்வேர்க்காரனான நான் அதை அந்தச் செட்டின் குணம் என்றே பல வருஷம் ஏற்றுக்கொண்டிருந்தேன்!

பெட்டியில் "50 வாட் x 4" என்று எழுதியிருந்தது. ஓடும் வண்டியில் 14.4 வோல்ட். அதன் வர்க்கத்தை ஸ்பீக்கரின் 4 ஓமால் வகுத்தால் 51.84. அந்த ஐம்பது இதுதான், பாட்டே இல்லாத முழுச் சதுர அலைக்கான கணக்கு. ஒழுங்கான சைன் அலைக்கு அதில் பாதியும் தேறாது. புதிதாக வாங்குகிறவர்கள் ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

புது ஸ்பீக்கர் மாட்டுவதற்கு முன் பழையதைச் சோதித்தேன். முறை எளிது. ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஸ்டீரியோ பக்கத்து ஒயர்முனையில் ஒரு கணம் தொட வேண்டும். பிளஸ் சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும். வலது ஸ்பீக்கர் வெளியே தள்ளியது. இடது உள்ளே இழுத்தது. மறுபடி தொட்டேன். மறுபடி உள்ளே.

அந்தக் கதவுக்குள்ளும் யாரோ ஒயரை வெட்டி மாற்றி முறுக்கியிருக்கிறார்கள். ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. மேல் ஸ்தாயிக்கு இதனால் பெரிய சேதமில்லை. 80 ஹெர்ட்ஸ் சத்தத்தின் அலைநீளம் நாலு மீட்டருக்கு மேல், காரே அதற்குள் அடங்கிவிடும். அங்கே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வயலின் கேட்கும். பாடுகிறவர் கேட்பார். தபேலாவின் இடது கை கேட்காது.

நான் வாங்கிய ஆறரை இஞ்ச் ஸ்பீக்கர்கள் அதே பெட்டியில் இருந்தன. முதலில் ஒயரை மட்டும் மாற்றி, பழைய ஸ்பீக்கரிலேயே போட்டுக் கேட்டேன். பிறகு உள்ளே போய் அப்பாவைக் கூப்பிட்டேன். கைலியோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். அன்றைக்குத் திருமங்கலம் ரோட்டில் ஓடிய அதே பாட்டைப் போட்டேன்.

சரணம் வரைக்கும் பேசவில்லை. பிறகு ஜன்னல் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்.

"டாக்டர்கிட்ட எப்போ போறோம்?" என்று கேட்டார்.

புது ஸ்பீக்கரை அடுத்த ஞாயிறு மாட்டினோம். பிளைவுட் வளையத்தை அவர்தான் அறுத்துக் கொடுத்தார்.