ஹிமா: மேய்ச்சல் நிலத்தின் நீதி

இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பலர் 1872இல் அமெரிக்காவில் அமைந்த யெல்லோஸ்டோன் பூங்காவிலிருந்தே தொடங்குகின்றனர். அரபு நாட்டு ‘ஹிமா’வை அவர்கள் அறியாதது வியப்பன்று, நம்மவருள்ளும் அச்சொல்லை ஃபிக்ஹு நூல்களில் படித்துவிட்டு அப்பால் சென்றவர்களே மிகுதி.

ஹிமா என்றால் காக்கப்பட்ட இடம். அறியாமைக் காலத்தில் அது வலியவனின் உடைமை. குலத்தலைவன் ஒருவன் செழித்த நிலத்தில் வந்திறங்கியதும், மேடொன்றில் தன் நாயைக் குரைக்கச் செய்வான். அவ்வொலி எட்டும் எல்லைவரை நாற்புறமும் அவனுக்கே உரியது. நாயின் தொண்டையே நில அளவுகோல்! பிறர் மந்தை அங்கே நுழையலாகாது; அவன் மந்தையோ வெளியே மற்றவர்களோடும் மேயும். இவ்வழக்கத்தை இமாம் ஷாஃபிஈ (ரஹ்) எடுத்துரைத்துள்ளார்கள். குலைப் என்னும் தலைவனின் ஹிமாவில் புகுந்த பெண் ஒட்டகத்தின்மீது பாய்ந்த அம்பே நெடிய பஸூஸ் போரை மூட்டியது என்பது அரபு மரபுச் செய்தி.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இத்தனியுரிமையை ஒழித்தார்கள். ஹிமா அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்குமே உரியதென அறிவித்தார்கள். பொதுநலனுக்கன்றி எவரும் மேய்ச்சல் நிலத்தை அடைத்து வைக்கலாகாது என்பதே இதற்குச் சட்ட அறிஞர்கள் பலர் தந்த விளக்கம். மதீனாவை அடுத்த நகீஃ என்னும் நிலம் முஸ்லிம்களின் குதிரைகளுக்கென ஒதுக்கப்பட்டது. (சிலர் இதனைப் ‘பகீஃ’ எனப் படித்து, அடக்கத்தலத்தோடு குழப்பிக் கொள்வர். மேலே நிற்கவேண்டிய புள்ளி கீழே இறங்கியதன் விளைவு அது.)

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷரஃப், ரபதா ஆகிய இடங்களை ஹிமாவாக்கினார்கள். காவல் பொறுப்பை ஹுனை என்பவரிடம் ஒப்படைத்தபோது அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுத்துவிடு என்பது அதன் சாரம். மந்தை மடிந்தாலும் அவ்விருவருக்கும் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் உண்டு. ஏழை இடையனோ பிள்ளைகளுடன் கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான். அவனுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடப் புல்லும் நீரும் கொடுப்பது எளிது என்று காரணமும் கூறினார்கள். தடுக்கப்பட்டவர்கள் யார் என்பதை எண்ணிப் பாருங்கள்! நபித்தோழர்களின் முன்வரிசையினர், ஒருவர் அடுத்த கலீஃபா.

ஹிஜ்ரி 450இல் மறைந்த மாவர்தீ, இந்நெறியைத் தம் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் வரையறுத்தார். ஏழைகளுக்கென ஹிமா அமைத்துச் செல்வரைத் தடுக்கலாம். செல்வருக்கென அமைத்து ஏழைகளைத் தடுத்தல் ஆகாது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அரேபியாவின் ஊர்களும் குலங்களும் தத்தம் ஹிமாக்களைக் காத்து வந்தன. சிலவற்றில் மேய்ச்சலுக்கு இடமில்லை. வறட்சியில் புல்லறுத்துக் கொள்ளலாம். சிலவற்றில் தேனீக்களுக்காகப் பூக்காலம் முடியும்வரை கால்நடைகளுக்குத் தடை. 1953இல் சவூதி அரசாணை மேய்ச்சல் நிலங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. குலத்தின் தனியுரிமை நீங்கியது; கூடவே காவலும் நீங்கியது. மந்தைகளையும் தண்ணீரையும் லாரியில் ஏற்றிச் செல்ல வல்லவரே அதனால் பெரிதும் பயனடைந்தனர் எனக் கருத இடமுண்டு. நிலம் தேய்ந்தது, பல ஹிமாக்கள் மறைந்தன.

எஞ்சியவற்றை ஆராய்ந்த உமர் திராஸ் என்னும் மேய்ச்சல்நில வல்லுநர், 1969இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வாயிலாக அரேபிய ஹிமா முறைபற்றி எழுதினார். அவர் ஊக்கத்தால் சிரியாவில் இடையர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் அம்முறையை மீண்டும் கைக்கொண்டன. லெபனானில் 2004 முதல் ஊராட்சிகளே முன்வந்து, பறவைகள் தங்கும் நிலங்களை ஹிமா என்ற அதே பெயரில் அறிவித்து வருகின்றன.