நெல்லுக்குக் காற்றும் வெளிச்சமும்
(வானொலி உரை)



அருப்புக்கோட்டை, திருச்சுழிக் கரிசல் பக்கம் நெல் என்றால் கண்மாயை நம்பித்தான். மண், தண்ணீர் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்று காற்றையும் வெளிச்சத்தையும் பற்றிப் பேசுவோம். களத்தில் நீங்கள் அளக்கிற நெல்லின் எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து வந்ததுதான். இலை அதை வாங்கி, வெயிலின் பலத்தால் மாவுச்சத்தாக ஆக்குகிறது. இதுதான் ஒளிச்சேர்க்கை.

இதற்கு வெளிச்சம் வேண்டுமென்று 1779-ல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு வைத்தியர் காட்டினார். தண்ணீரில் போட்ட இலை வெயிலில் குமிழி விட்டது, இருட்டில் விடவில்லை.

நம்ம பழைய நெல்லெல்லாம் உயர ரகங்கள். 1921-ல் கோயம்புத்தூரில் வெளியான ஜி.இ.பி.24-ம் அப்படித்தான். உரம் கூடினால் இலை தொங்கும், மேல் இலை கீழ் இலைக்கு நிழல் போடும், பயிர் சாயும். 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 வந்தது. குட்டைப் பயிர், நிமிர்ந்த இலை. அடி இலைக்கும் வெயில் எட்டியது. மகசூல் ஏறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பு இலையில் வேறு ஒரு வழியைக் கண்டார்கள். கம்பு, சோளம், மக்காச்சோளத்துக்கும் அதே வழிதான். இவை கரியமில வாயுவை இலைக்குள்ளேயே கூட்டிச் சேர்த்துக்கொள்ளும். குறைந்த தண்ணீரில் ஓடும். நெல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-ல் கீலிங் அளந்தபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 315 பங்கு. இன்று 420-க்கும் மேல். அப்படியானால் நெல்லுக்கு யோகம்தானே என்று கேட்பீர்கள். ஜப்பானில் 1998 முதல் திறந்த வயலிலேயே அந்த வாயுவைக் கூட்டிவிட்டுப் பார்த்தார்கள். மகசூல் கூடியது உண்மை. ஆனால் தழைச்சத்து குறைந்த வயலில் அந்த லாபமும் குறைந்தது. அரிசியில் புரதமும் இறங்கியது.

வாயு கூடினால் உஷ்ணமும் கூடுகிறதே! பூக்கிற நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காமல் பதராகும். இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைவதாக, பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு 2004-ல் வெளியானது. ஆக, காற்று கொடுப்பதை உஷ்ணம் பறித்துக்கொள்ளும். கண்மாய் வற்றினாலோ இலைத்துளை மூடிக்கொள்ளும். காற்றில் எவ்வளவு இருந்தும் உள்ளே போகாது.

நாம் செய்யக்கூடியது என்ன? ஐப்பசி, கார்த்திகையில் வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும். அப்போது யூரியாவை மொத்தமாகக் கொட்டினால் இலைதான் மிஞ்சும், குலைநோயும் வரும். பிரித்துப் பிரித்து இடுங்கள். கதிருக்கு வெளிச்சம் மிகவும் தேவைப்படுவது பொதி கட்டுவதிலிருந்து மணி முற்றும் வரைதான். மழைக்கு முன்பே குறுகிய கால ரகத்தைப் புழுதியில் விதைத்தால், மார்கழியில் வானம் தெளியும்போது மணி முற்றும்; கண்மாயிலும் தண்ணீர் இருக்கும். பிந்தி விதைத்தால் வெளிச்சம் இருக்கும், தண்ணீர் இருக்காது. கண்மாய் நிறையாத வருஷம் நெல்லை விட்டுக் கம்பு, சோளத்துக்குப் போவதில் வெட்கமில்லை. வெயிலை நன்றாகக் காசாக்கும் பயிர் அதுதானுங்க.