பீம்பேட்காவின் கூரைப் பதிவும் டிக்கின்சோனியாவின் வகைப்பாடும்

டிக்கின்சோனியா ஒரு விலங்கு. அந்த முடிவுக்கு வர அதன் வடிவத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். 1947இல் ரெக் ஸ்பிரிக் அதன் தென் ஆஸ்திரேலியப் புதைபடிவங்களை விவரித்ததிலிருந்து, நீள்வட்ட உடலையும் நடுக்கோட்டின் இருபுறமும் விரியும் வரிகளையும் வைத்தே அதைச் சொறிமீன், புழு, பூஞ்சை, லைக்கன் என மாற்றி மாற்றி இனங்குறித்து வந்துள்ளனர். ஒரே வடிவம் இத்தனை முடிவுகளுக்கும் இடம் தருகிறதென்றால், வடிவத்தை முதற்சான்றாகக் கொள்ளும் முறையைத்தான் ஐயுற வேண்டும்.

இம்முறையின் பலவீனம் முழுமையாக வெளிப்பட்ட இடம் விந்திய மலைப் பகுதியிலுள்ள பீம்பேட்கா. அங்குள்ள அரங்கக் குகையின் கூரையில், தரையிலிருந்து சுமார் 11 அடி உயரத்தில், 17 அங்குல நீளமுள்ள இலை போன்ற பதிவொன்று டிக்கின்சோனியா என 2021இல் ‘கோண்டுவானா ரிசர்ச்’ இதழில் அறிவிக்கப்பட்டது. அந்த வாசிப்புக்கு ஓர் அடிப்படை இருந்தது. டிக்கின்சோனியா வாழ்ந்த எடியகாரன் காலத்தின் படிவங்கள் பெரும்பாலும் மணற்கல் அடுக்கின் அடிப்பரப்பில் பதிகின்றன. குகையின் கூரையும் அத்தகைய அடிப்பரப்பே. ஆனால் வாதம் அங்கே நிற்கவில்லை. வடிவத்தைக் கொண்டு உயிரினத்தைக் கண்டார்கள். உயிரினத்தைக் கொண்டு அக்குகையின் பாறையான மைஹர் மணற்கல்லுக்குச் சுமார் 55 கோடி ஆண்டு வயது கொடுத்தார்கள். பாறையின் வயதுக்குத் தனிச்சான்று அப்போதே இருந்தது. பன்னா அருகிலுள்ள மஜ்காவான் கிம்பர்லைட் சுமார் 107 கோடி ஆண்டு பழமையானது. அதன் தொல்காந்தத் திசை, மைஹர் மணற்கல் அடங்கிய மேல் விந்தியப் பாறைகளின் திசையோடு நெருங்கிப் பொருந்துகிறது. இச்சான்றுக்கு உரிய எடை கொடுத்திருந்தால், அந்தப் பதிவு கண்ட கணத்திலேயே ஐயத்துக்கு உள்ளாகியிருக்கும்.

2022 டிசம்பரில் வேறொரு குழு நேரில் சென்று பார்த்தபோது, ‘படிவம்’ பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அருகில் மலைத்தேனீக்களின் கூடுகள் இருந்தன. பதிவு, சிதைந்த தேனடையின் எச்சமே. 2023இல் இது வெளியானதும் முதல் வாசிப்பை முன்வைத்தவர்களே அதை ஏற்றனர். பாராட்டத்தக்க நேர்மை அது. எனினும் இதைக் கவனக்குறைவு என்று மட்டும் கணக்குத் தீர்ப்பது போதாது. சான்றுகளை அடுக்கிய வரிசையே தவறு.

வடிவம் ஏன் கடைசியில் வரவேண்டும் என்பதற்குப் பாக் விரிகுடாக் கரையே பாடம் தரும். மீமிசல் சேற்றுக்கரையில் நீர் வற்றியபின் ஒதுங்கிக் கிடக்கும் சொறிமீனின் குடை, வெயில் ஏற ஏறத் தட்டையாகி, ஓரம் குழைந்து, சேற்றோடு ஒட்டிய தோலாகிவிடும். அதை உரித்தெடுத்தால் அடியில் தெரியும் குழி வட்டமா நீள்வட்டமா என்று உறுதியாகச் சொல்ல இயலாது. இரண்டடி தள்ளி, பாசிப்படலம் படர்ந்த சேற்றில் நண்டு நடந்த தடமோ விளிம்பு கலையாமல் நிற்கும். மென்மையான உடல்கொண்ட உயிரிகளின் பதிவில் நாம் காண்பதில் பாதி உயிரியின் உடல். மீதி, அது கிடந்த தரையும் அழுகிய விதமும்.

ஆகவே வேறு சான்றுகள் வேண்டும், அவை உள்ளன. 2018இல் ரஷ்யாவின் வெண்கடல் பகுதி மாதிரிகளில் எஞ்சியிருந்த கரிமப் படலத்தை ஆராய்ந்தபோது, டிக்கின்சோனியாவின் ஸ்டீராய்டு எச்சங்களில் 93 விழுக்காடு வரை கொலஸ்டிரால் வழி வந்தவை எனத் தெரிந்தது. சுற்றியிருந்த படிவில் பச்சைப் பாசிகளுக்குரிய ஸ்டீராய்டுகள் மேலோங்கியிருந்தன. லைக்கனாக இருந்திருந்தால் பூஞ்சைக்குரிய எர்கோஸ்டீராய்டுகள் மிகுந்திருக்க வேண்டும், அவை மிகவில்லை. உடல் அடுத்தடுத்து அமர்ந்து எழுந்ததுபோல் வரிசையாகக் காணும் தடங்களும், அது நுண்ணுயிர்ப் படலத்தின்மேல் நகர்ந்து உணவு கொண்டதைச் சுட்டுகின்றன.

சிவப்புப் பாசிகளிலும் கொலஸ்டிரால் உண்டு என்பர். நகர்ந்து தடம் பதிக்கும் சிவப்புப் பாசி எதுவும் இல்லை. வேதிச்சான்று ஒரு பகுதி மாதிரிகளுக்கே உரியது என்ற தடையும் பெரிதன்று. படலம் எஞ்சிய மாதிரிகளில்தானே அதைத் தேட முடியும்! விலங்குகளுள் அது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதை மட்டும் இப்போதைக்குத் திறந்தே வைக்கலாம்.

விந்தியத்தில் இனி எந்தப் பதிவு கிடைத்தாலும் கேள்விகளின் வரிசை இவ்வாறு அமைய வேண்டும்: அது பாறையின் பகுதியா, பாறையின் வயது என்ன, எப்பொருளால் ஆனது, எப்படி வளர்ந்தது. எதைப் போலிருக்கிறது என்பது ஐந்தாவது கேள்வி.