றம்பொடை ஏற்றம்

துவிச்சக்கரவண்டிப் போட்டியில் மலையேற்றம் வீரரின் உரைகல்லாக அமைந்தது 1910ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டிலேயே டூர் த பிரான்ஸ் போட்டி 2,115 மீற்றர் உயரமான துர்மாலே கணவாயை முதன்முதலாகக் கடந்தது. இறுதியில் வாகை சூடிய ஒக்தாவ் லப்பீஸும் அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க நேர்ந்தது. 1993 தொடக்கம் பிரான்சில் தொழில்முறை சாராதோரும் ஆண்டுதோறும் இத்தகைய போட்டிப் பாதையொன்றில் ஏறி வருகின்றனர்.

இலங்கையில் இதற்கு ஒப்பிடத்தக்கது, கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா செல்லும் வீதியாகும். ஏறத்தாழ 1,400 மீற்றர் உயர வேறுபாட்டைக் கொண்ட இவ்வீதியின் வளைவுகளில் ஆர்வலர் இன்று தம் ஆற்றலைச் சோதிக்கின்றனர். ஆயின் இவ்வேற்றம் முன்னர் விளையாட்டன்று. 1885இல் புகையிரதம் நானுஓயாவை அடையுமுன், தோட்டத்து விளைபொருள்கள் மலைப்பாதைகளில் மாட்டுவண்டிகளிலேயே இறங்கின. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் கால்நடையாகவே மலையேறினர்.

துர்மாலேயில் நடந்தவரின் பெயரை வரலாறு பேணியுள்ளது. இம்மலைகளில் நடந்தோரின் பெயர்களோ பெரும்பாலும் எழுதப்படவில்லை. வண்டியோட்டி உச்சியில் இளைப்பாறும் வேளையிலும், அருகிலுள்ள சரிவில் அவர்தம் வழித்தோன்றல்கள் கொழுந்துச் சுமையுடன் ஏறிக்கொண்டிருக்கின்றனர். றம்பொடை ஏற்றத்தின் வரலாறு அவர்களிடமிருந்தே தொடங்கப்பட வேண்டும்.